டார்பெல் வங்கியின் பத்து டாலர்

யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பிட உட்காரக் கூடாது என்பது என் தொழிலில் நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. நோட்டைப் பார்க்க வேண்டும், விலையைச் சொல்ல வேண்டும், கூலியை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு வாய் காபி குடித்துவிட்டால் போதும், சொல்ல வேண்டிய விலை தொண்டையில் நின்றுவிடும். கிராண்ட் ஐலண்டில் இருந்துகொண்டு நெப்ராஸ்கா முழுவதும் இதற்காகவே அலைகிறவள் நான். பெயர் லொரீன் போஸ்பிஷில். பழைய நேஷனல் பேங்க் நோட்டு யார் கையிலாவது அகப்பட்டால் எனக்குத்தான் போன் வரும்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த சின்னச் சின்ன வங்கிகளெல்லாம் தங்கள் பெயரிலேயே நோட்டு விட்டன. வாஷிங்டனில் அச்சாகி, வெட்டாத தாளாக ரயிலில் வரும். வங்கித் தலைவரும் காசாளரும் ஒவ்வொன்றிலும் பேனாவை மையில் தொட்டுக் கையெழுத்துப் போட்டு, கத்தரித்து, கல்லாவில் அடுக்குவார்கள். இன்று அவற்றின் விலை அதில் அச்சிட்டிருக்கும் டாலரில் இல்லை. அந்த ஊர் வங்கியின் நோட்டு உலகத்தில் இன்னும் எத்தனை மிச்சம் என்பதில்தான் இருக்கிறது. ஒமாஹா வங்கி நோட்டு வேண்டிய மட்டும் கிடைக்கும். ரயில் பாதை விலகிப் போனதால் செத்துப்போன டார்பெல் ஊரின் நோட்டை எந்தச் சேகரிப்பாளரும் கண்ணால் பார்த்ததில்லை.

அதனால்தான் ஆர்டித் குல்மன் என்ற பெண்மணி போன் செய்து, தன் கணவரின் தாத்தா டார்பெல் வங்கியில் காசாளர் என்றும், அவர் கையெழுத்துப் போட்ட பத்து டாலர் நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது என்றும் சொன்னபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"கையெழுத்து தெளிவா இருக்கா?" என்று கேட்டேன்.

"எங்க தெளிவு? வெளிறிப் போய்க் கிடக்கு. கண்ணைச் சுருக்கிப் பாத்தாத்தான் ஏதோ எழுதியிருக்குன்னே தெரியும்."

"அது போதும். அப்படியே இருக்கட்டும். கழுவாதீங்க, இஸ்திரி போடாதீங்க, டேப் ஒட்டாதீங்க. வேற யாரையும் தொட விடாதீங்க."

"இந்த வீட்ல நானும் டெல்மரும்தான். வேற யாரு தொடப் போறா?"

ஜனவரி மாதம். பனிப்புயல் வருகிறது என்று வானொலி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. டார்பெல் நோட்டு என்ற ஆசையில் நான் அதை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குல்மன் வீடு லூப் நதிக்கு வடக்கே, சாலையை விட்டு வயலுக்குள் நெடுந்தூரம் உள்ளே தள்ளியிருந்தது. நான் போய்ச் சேரும்போதே பனி பக்கவாட்டில் பறக்க ஆரம்பித்திருந்தது. ஆர்டித் ஒல்லியான, சுறுசுறுப்பான பெண். என் கோட்டை வாங்கி மாட்டுவதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிட்டாள். அவள் கணவர் டெல்மர் சமையலறை மேஜையருகே உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய பெரிய உருவம். எழுந்திருக்கவில்லை, என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

நோட்டு மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. கையைக் கழுவி, துடைத்து, அதை வெளியே எடுத்தேன். முகப்பில் பட்டம் விடுகிற பிராங்க்ளின். பின்பக்கம் முழுக்கப் பழுப்பு அச்சு, நடுவில் பெரிதாக வங்கியின் பதிவு எண். ஜன்னலை நோக்கிப் பிடித்தேன். ஊசி ஓட்டை ஒன்றுகூட இல்லை. மடிப்புகள் மென்மையாக இருந்தன, எங்கும் கிழிசல் இல்லை. மேல் ஓரம் கொஞ்சம் கோணல். காசாளர் கத்தரித்த கோணல் அது, அதற்கே சிலர் கூடுதல் விலை கொடுப்பார்கள்.

பிறகு கையெழுத்துக்கு வந்தேன். தலைவரின் பெயர் வெளிர் பழுப்பில், இருக்கிறதா இல்லையா என்று கிடந்தது. அதற்குப் பக்கத்தில் காசாளர் ஆகஸ்ட் குல்மனின் பெயர் கன்னங்கரேலென்று மினுமினுத்தது.

பூதக்கண்ணாடியை வைத்தேன். பழைய மை என்றால் காகித நாருக்குள் இறங்கிப் பழுத்திருக்கும். இது மேலே படிந்து நின்றது. மடிப்பு வந்த இடத்திலெல்லாம் பக்கவாட்டில் கசிந்திருந்தது. கறுப்புக் கோடு தடுமாறிய இடங்களில் அடியிலிருந்து பழைய பழுப்புக் கோடு எட்டிப் பார்த்தது. திருப்பினேன். பின்பக்க அச்சு வரை மை ஊறியிருந்தது. போன வாரம் போனில் வெளிறிக் கிடந்த கையெழுத்து இது.

"எப்படி இருக்கு?" என்றாள் ஆர்டித், என் தோளுக்குப் பின்னால் நின்றபடி.

நிமிர்ந்தேன். டெல்மர் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது ஆள்காட்டி விரல் ஓரத்தில் கறுப்புக் கறை.

"இன்னும் கொஞ்சம் பார்க்கணும்" என்றேன்.

அவள் தக்காளி ஜாடி எடுக்க நிலவறைக்கு இறங்கினாள். படியில் அவள் காலடி கேட்கும்வரை காத்திருந்து டெல்மர் வாயைத் திறந்தார்.

"இது சாதாரண நோட்டு, பெருசா ஒண்ணும் தேறாதுன்னு சொல்லிடுங்க. உங்க கூலியை ரெண்டு பங்கா வாங்கிக்கங்க."

"எதுக்கு?"

"வித்தா லிங்கனுக்குக் குடி போகணும்னு நிக்கிறா. மக வீட்டுக்குப் பக்கத்துல. நான் அங்க போய் என்ன பண்ணுவேன்? நடைபாதையில பனி வழிச்சுக்கிட்டு நிக்கவா?"

"நீங்களா இதுல பேனாவை வச்சீங்க?"

அவர் கறை படிந்த விரலை மடக்கி மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவர் வேலை பார்க்க நான் வரவில்லை. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த பொருளில் இந்த மனிதர் பேனாவை வைத்துக் கிறுக்கியிருக்கிறார், அதை மறைக்க எனக்குக் கூலி வேறு. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கடிதத்தில் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வண்டி வீட்டுப் பாதையில் பாதிகூடப் போகவில்லை. சாலை எது, வயல் எது என்று தெரியாமல் வெள்ளைச் சுவர் ஒன்றுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கதவை முட்டித் திறந்து, காற்று தள்ளத் தள்ள, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். ஆர்டித் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள்.

"நாளைக்கு வரைக்கும் யாரும் எங்கயும் போக முடியாது. சில்லி கொதிக்குது, வந்து உக்காருங்க."

இப்படியாக என் கட்டுப்பாடு போயிற்று. பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரமான சில்லி, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை பன். பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட நாளிலிருந்து எனக்கு உயிர். அன்றைக்கு ஒவ்வொரு கவளமும் எனக்கு லஞ்சம் மாதிரி இறங்கியது.

ஆர்டித் பேசிக்கொண்டே இருந்தாள். லிங்கனில் மகள் ஜனெல் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சின்ன வீடு. முன்னால் நடைபாதை, எதிரே தெருவிளக்கு.

"குப்பை வைக்க வெளிய வந்தா யாராவது கையாட்டணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. இங்க குளிர்காலத்துல என்னைப் பாத்துக் கையாட்டுறது தண்ணி இறைக்கிற அந்தக் காத்தாடி மட்டும்தான்."

"காத்தாடிக்கு என்ன குறைச்சல்?" என்றார் டெல்மர்.

"அது பதில் பேசாது. உன்னை மாதிரியே." பிறகு என்னிடம் திரும்பினாள். "கல்யாணம் ஆனதுலேருந்து கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் இவர் சொல்றது ஒண்ணேதான். தாத்தா நோட்டை வித்ததும் போயிடலாம். சோளம் நல்லா விளைஞ்ச வருஷமும் அதேதான், விளையாத வருஷமும் அதேதான். சரி, நானே வித்துக் காட்டறேன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். அப்ப சொல்லுங்க, என்ன பெறும்?"

டெல்மர் பன்னைப் பிய்ப்பதை நிறுத்தினார். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, வெளியே ஓடவும் வழியில்லை. பொய் சொன்னால் அந்தப் பெண்ணின் ஒரே வழியை என் கையால் அடைத்த மாதிரி.

"இந்த விளக்கு வெளிச்சம் போதாது. நாளைக்குப் பகல் வெளிச்சத்துல பாத்துச் சொல்றேன்" என்றேன்.

கோழைத்தனம்தான், வேறென்ன? அவள் தலையை ஆட்டிவிட்டுச் சீட்டுக்கட்டை எடுத்து வந்தாள். மூவரும் பிட்ச் என்கிற சீட்டாட்டம் ஆடினோம். டெல்மர் ஒவ்வொரு ஆட்டத்திலும் எனக்கு விட்டுக்கொடுத்து ஆடினார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் கூடிக்கொண்டே போயிற்று. ஜன்னலில் பனி பாதிக் கண்ணாடிக்கு ஏறியிருந்தது.

விடிந்தபோதும் புயல் விடவில்லை. ஆனாலும் வெளிச்சம் வந்துவிட்டது. நான் காபியைக் கையில் எடுக்குமுன் ஆர்டித் மேஜையைத் துடைத்து, நோட்டை ஜன்னலோரம் வைத்து, என் பையிலிருந்து பூதக்கண்ணாடியையும் அவளே எடுத்து வைத்திருந்தாள்.

"பகல் வந்துடுச்சு" என்றாள்.

நான் உட்காருவதற்குள் அவளே குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இது இவ்வளவு கறுப்பா இருந்ததில்லையே."

இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது? சொல்லிவிட்டேன். பழைய கையெழுத்தின் மேல் யாரோ புதுப் பேனாவால் எழுதியிருக்கிறார்கள், மை பின்பக்கம் வரை இறங்கிவிட்டது, அதை எடுக்க முடியாது, எடுக்கப் போனால் காகிதமும் போய்விடும் என்றேன்.

"நான்தான் எழுதினேன்" என்றார் டெல்மர். குரலில் பதற்றமே இல்லை. "நல்லதுக்குத்தான் செஞ்சேன். ஏலத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி டிராக்டருக்கு ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிக்கிறதில்லையா? மங்கலா இருந்தா வாங்கறவன் விலையைக் குறைப்பான். தாத்தா பேர் பளிச்சுன்னு தெரியட்டும்னு நினைச்சேன்."

முந்தின நாள் அவர் என்னிடம் கேட்டது காதில் இருந்தும், ஒரு நிமிடம் நான்கூட நம்பிவிட்டேன். இந்தப் பக்கத்து விவசாயிகள் இப்படித்தான். ஒருவர் எனக்காக நோட்டைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அடி வாங்காத குறையாக அனுப்பினேன்.

ஆர்டித் நம்பவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினாள், சத்தம் போடவில்லை.

"டெல்மர், நீ உன் ஆயுசுல ஒரு டிராக்டருக்கும் பெயிண்ட் அடிச்சதில்ல. ஏலத்துல புதுப் பெயிண்டைப் பாத்தாலே, உள்ள விரிசல் இருக்கு, கிட்டப் போகாதேன்னு பக்கத்துல நிக்கிறவனுக்குச் சொல்ற ஆளு நீ. பெயிண்ட் அடிச்சா விலை போகாதுன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

டெல்மர் காபிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"தொடாம இருந்தா எவ்வளவு?" என்று என்னைக் கேட்டாள்.

"பதினெட்டாயிரம். ஏலத்துல ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டா இன்னும் மேல போயிருக்கும்."

"இப்ப?"

"வேற நோட்டே இல்லைங்கறதால ஒரேயடியா போயிடல. நாலாயிரம் கிடைச்சா அதிர்ஷ்டம்."

"அந்த நாலாயிரத்துக்கு நீங்க எடுத்துப்பீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் டெல்மர் எழுந்து நோட்டை உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்தார்.

"இது என் தாத்தா நோட்டு. நாலாயிரத்துக்கெல்லாம் விக்க மாட்டேன்."

எவ்வளவு வசதியான ரோஷம். எனக்கு அந்தப் பையைப் பிடித்து இழுத்துப் பிடுங்கலாம்போல வந்தது. ஆனால் சட்டப்படி நோட்டு அவருடையது, பாதை அவருடையது, என் வண்டியை இழுக்க வேண்டிய டிராக்டரும் அவருடையது. ஆர்டித் பாத்திரம் கழுவப் போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரம்போல ஒரு நேரத்தை என் விரோதிக்கும் நான் விரும்ப மாட்டேன். எழுந்து போய் உட்கார இன்னொரு அறைகூட எனக்கு அங்கே இல்லை.

மதியத்துக்கு மேல் காற்று நின்றது. தூரத்தில், அரசாங்கத்தின் பனி வழிக்கும் வண்டி சாலையோடு போவது கேட்டது. சாலை திறந்தாயிற்று. வீட்டிலிருந்து சாலைவரை உள்ள பாதையை மட்டும் வீட்டுக்காரர்தான் வழிக்க வேண்டும். என்னை அனுப்பிவைக்க டெல்மருக்கு இருந்த அவசரத்தைப் பார்க்க வேண்டுமே. தொப்பியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார், டிராக்டர் முனகிக்கொண்டு கிளம்பியது. அவர் பாதையை வழித்த நேர்த்தியை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு லாரி போகுமளவுக்கு அகலமாக வழித்தார்.

நான் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆர்டித் மாடியிலிருந்து ஒரு பெட்டியோடு இறங்கி வந்தாள்.

"உங்க கார்ல எனக்கு இடம் இருக்கா?"

"எதுவரைக்கும்?"

"லிங்கன். ஜனெல் வீட்ல சோபா இருக்கு." பெட்டியைக் கீழே வைத்தாள். "நோட்டு விக்கட்டும், விக்கட்டும்னு நான்தான் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கையில அது ஒண்ணு இருக்குன்னுதான் இங்கயே இருந்தேன். இப்ப விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, காத்திருக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. அவருக்கு அது புரியல."

"நான் விலை சொல்ல வந்தவ, ஆர்டித். குடும்பத்தைப் பிரிச்சேன்னு நாளைக்கு என் தலையில விழும்."

"விழட்டும். உங்க தலை தாங்கும்."

டெல்மர் என் வண்டியைச் சங்கிலி போட்டுப் பனியிலிருந்து இழுத்து, பாதையில் நேராக நிறுத்தியிருந்தார். நாங்கள் இருவரும் நடந்து வருவதை டிராக்டரின் மேலிருந்து பார்த்தார். முதலில் அவள் கையில் இருந்த பெட்டி அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் தொங்கிவிட்டது. டிராக்டரை முன்னால் ஓட்டிக்கொண்டு போய், பாதை சாலையில் சேரும் இடத்தில் குறுக்கே நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

இரண்டு பக்கமும் அவரே ஒதுக்கிய பனி மேடு. நடுவில் டிராக்டர். காரில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும் அடித்தேன். ஆர்டித் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அடிக்காதீங்க. அவரு சாயங்காலம் வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பாரு. எனக்குத் தெரியும்."

கதவைத் திறந்து இறங்கினாள். பின்னாலிருந்து பெட்டியை எடுத்தாள். டிராக்டரைச் சுற்றிக்கொண்டு முழங்கால் புதையும் பனி மேட்டில் ஏறி, ஒரு தடவை விழுந்து, எழுந்து, மறுபக்கம் சறுக்கி இறங்கினாள். பனியைத் தட்டிவிட்டுச் சாலையில் நடக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. நெடுஞ்சாலைக்கு அங்கிருந்து பல மைல்.

போக வேண்டியவள் போய்விட்டாள், மாட்டிக்கொண்டது நான். இறங்கி டிராக்டர் பக்கத்தில் போய் நின்றேன். குளிர் மூக்கைக் கடித்தது. திட்ட வேண்டும் என்றுதான் போனேன், என்னென்ன வார்த்தை என்றுகூடத் தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. வெற்றுச் சாலையில் சின்னதாகிக்கொண்டே போகும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்துடுவா" என்றார்.

அவள் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"காத்து எதிர்ல அடிக்குது" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அவளுக்குக் காதுல குளிர் பட்டா ராத்திரி முழுக்க வலிக்கும். வெறுந்தலையோட போறா, பாருங்க. எப்பவும் இப்படித்தான்."

பிறகும் உட்கார்ந்திருந்தார். அவள் சாலையின் ஏற்றத்தைத் தொட்டு அந்தப் பக்கம் இறங்கப் போகும்போதுதான் அவர் கை சாவிக்குப் போனது. டிராக்டர் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பின்னுக்கு எடுத்து ஓரம் கட்டினார். நான் காரில் ஏறி நகர்த்தும்போது இறங்கி வந்து, குனிந்து என் ஜன்னலைத் தட்டினார். கண்ணாடியை இறக்கினேன். தலையிலிருந்த காதுமூடித் தொப்பியைக் கழற்றி என் மடியில் போட்டார். விதைக் கம்பெனிக்காரன் கொடுத்த தொப்பி, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"இதை அவகிட்டக் குடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க, போட்டுக்க மாட்டா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் துணியைத் துவைத்தவளுக்கு அது யார் தொப்பி என்று தெரியாதாம். சரி என்றேன். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது அவர் வெறுந்தலையோடு டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்தார்.

ஏற்றத்துக்கு அந்தப் பக்கம் அவளைப் பிடித்தேன். ஏறிக்கொண்டாள். பல் கிட்டிப்போய்ப் பேச முடியவில்லை. தொப்பியை நீட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வாங்கி ஒரு உதறு உதறி, இரண்டு காதும் மூட இழுத்து மாட்டிக்கொண்டாள். லிங்கன் வரும்வரை கழற்றவில்லை.